ஹைபிரிடா, குரூசரா?

போன மாதம் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி பஜாரில் சைக்கிள் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னா சார், மூணாவது வாட்டி வர்றீங்கோ. ஹைபிரிடா, குரூசரா... இன்னிக்காவது முடிவு பண்ணுவீங்களா? ஒரே பேஜாரா கீது சார்!"

சைக்கிள் எனக்கில்லை. என் மனைவி கோமதிக்கு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். முப்பத்தாறு வயதில் முழங்கால் போய்விட்டது. "நடையைக் குறைங்க, மெதுவா சைக்கிள் ஓட்டுங்க, முட்டி பலப்படும்" என்றார் டாக்டர். கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். போதாதா?

போதும். ஆனால் எனக்குப் போதவில்லை! மூன்று வாரம் யூடியூபில் கிடந்தேன். டயர் அகலம், கியர், டிஸ்க் பிரேக், எடை... எதைக் கேட்டாலும் சொல்வேன். அவளிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை.

கடைக்காரர் கேட்டார். "யாருக்கு சார்?"

"வீட்டுல அவங்களுக்குத்தான்."

"அப்போ குரூசரே எடுத்துக்கோங்க சார். நடு கம்பி தாழ்வா கீது, காலத் தூக்கிப் போட வாணாம். சீட்டு அகலம். நிமிந்து குந்திக்கினு ஜாலியா போவலாம். அவங்களக் கூட்டினு வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கச் சொல்லலாமே?"

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

அதோடு விட்டேனா? குரூசர் கனம், வேகம் வராது, மேட்டில் ஏறாது என்று அவருக்கே வகுப்பு எடுத்தேன். எங்கள் பக்கம் மேடு என்றால் ஒரே ஒரு மேம்பாலம். அதில் ஏற கோமதிக்கு வேலையே கிடையாது. அன்று அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. வேகத்துக்கென்றே செய்த இருபத்தொரு கியர் ஹைபிரிடை வாங்கி, நானே வீடு வரை ஓட்டி வந்தேன். ஓட்டம் அற்புதம்!

ஷிப்ட் முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். சந்தோஷமாகத்தான் சீட்டைத் தொட்டாள். பிறகு கை நடுக் கம்பிக்குப் போனது. அவள் இடுப்பு உயரத்துக்குக் குறுக்கே நின்றது அது.

"இன்னாங்க இது... இந்தக் காலத் தூக்கி எப்படிங்க ஏறுவேன்?"

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட்ல சைக்கிள் குடுத்தாங்க. எங்கண்ணன் வேலைக்குப் போவ எடுத்துக்கிச்சு. ஆனா அது லேடீஸ் சைக்கிள்ங்க, ஒரு மாசமாச்சும் ஓட்டனேன். இத நீங்க வாங்கும்போதே உங்களுக்குத்தான் வாங்கிக்கினீங்க."

மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போன் செய்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவள் கோமதி. "ஓட்டுங்க... உங்களுக்குப் புடிச்சிருக்குல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள். குத்தலாகச் சொன்னாளா, சலித்துப் போய்ச் சொன்னாளா? கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், தினமும் காலையில் ஓட்டுகிறேன். தொப்பை குறைந்திருக்கிறது. தெருவில் பாராட்டுகிறார்கள். திரும்பி வரும்போது சில நாள் எதிரே கோமதி வருவாள், பஸ்ஸைப் பிடிக்க, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து. நான் பெல் அடிப்பதில்லை.

போன சனிக்கிழமை மறுபடி டாக்டரிடம் போனோம். முட்டியை அழுத்திப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, சைக்கிள் ஓட்டறீங்களா இல்லையா?" என்று கோமதியிடம் கேட்டார்.

"ஓட்டறோம் சார்" என்றேன் நான்.