ஏணி மேல் பழி

சுவரின் பள்ளங்களைப் பட்டி மாவு பூசி நிரவி பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டால், பட்டி மாஸ்டர் முதலில் டப்பாவைத் திறப்பதில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டுகிறார், காதை ஒட்டி வைத்துக் கேட்கிறார். "ஈரம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம மேல பூசினா, நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க" என்பார். சுவர் உதிர்ந்தால் உள்ளே குழாய் கசிகிறதா என்று பார்க்கிற மனிதர், தன் எலும்பு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டதுதான் வேடிக்கை.

ஐம்பதைத் தாண்டிவிட்டார். காதோரத்தில் எப்போதும் வெள்ளை பெயிண்ட். எது பெயிண்ட், எது நரை என்று மனைவிக்கே குழப்பம். வேலை செய்யும்போது பாடுவார். பாட்டில் பாதி வரிகள்தான் தெரியும்; மீதியை அங்கேயே கட்டிவிடுவார். வீட்டுக்காரரின் நாய்கூட அதில் வந்துபோகும். தண்ணீர் மட்டும் ஓயாமல் குடித்துக்கொண்டிருந்தார். வெயில்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதலில் மணிக்கட்டு ஒடிந்தது. பெயிண்ட் வாளியைத் தூக்கினார், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் விலா எலும்பு, அதுவும் ஒரு தும்மலில். மாஸ்டருக்கு வலியைவிட வெட்கம் அதிகம். ஏணியிலிருந்து விழுந்தால் அது தொழில். தும்மி ஒடித்துக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு முறையும் ஏணியிலிருந்து விழுந்ததாகவே சொன்னார், கட்டுப் போட்ட டாக்டரிடமும்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. "மனுஷன் தண்ணி போட்டுட்டு ஏறுறாரு" என்று பேச்சுக் கிளம்பியது. மனைவி ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கைக்கு எட்டும் சுவருக்கு மட்டும்தான் அனுமதி. மைத்துனன் கால்சியம் மாத்திரை டப்பாவோடு வந்து, "இதைப் போடுங்க மாமா, எலும்பு இரும்பாயிடும்" என்றான். மாஸ்டர் வேளைக்கு இரண்டாக விழுங்கினார். அலுப்பும் தாகமும்தான் கூடின. இனி ஏணி ஏறவே முடியாதோ என்று நினைத்தபோது அவருக்குப் பாட்டும் நின்றுபோனது.

முதுகுவலிக்காகப் பார்த்த புது டாக்டரம்மா, ஸ்கேனில் எலும்பு மெலிந்திருப்பதையும் பழைய டாக்டரின் சீட்டுகளையும் பார்த்துவிட்டு, "எவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தீங்க?" என்றார்.

மாஸ்டர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "பத்தடிம்மா."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும்... பத்தடிதான்."

"ஐயா, விழுந்து ஒடிஞ்சிருந்தா ஏணியைக் குத்தம் சொல்லலாம். விழாம ஒடிஞ்சிருந்தா நான் ரத்தத்தைப் பாக்கணும். எதுன்னு சொல்லுங்க."

"ரத்தத்தையே பாத்துடுங்கம்மா" என்றார் மாஸ்டர் மெல்ல. "தும்மினேன்."

மனைவி நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க விழவே இல்லையா? பாவம், அந்த ஏணியைப் போயி கட்டிப் போட்டேனே."

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரத்தத்தில் கால்சியம் நிரம்பி வழிந்தது. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பாராதைராய்டு என்று நான்கு குட்டிச் சுரப்பிகள் உண்டாம். அவற்றில் ஒன்று வீங்கிப்போய், எலும்பிலிருக்கும் கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓயாத தாகமும், எப்போதோ வந்த சிறுநீரகக் கல்லும் அதன் கைங்கரியம்தான்.

"அப்போ உள்ளேருந்து ஒருத்தன் சுரண்டுறான், நான் மேல மேல பட்டி பாத்துக்கிட்டிருக்கேன்."

"அதேதான். முதல்ல அந்த மாத்திரையை நிறுத்துங்க."

சுரப்பியை எடுத்தார்கள். கழுத்திலிருக்கும் சின்னத் தழும்பை மாஸ்டர் இப்போது விருது போலக் காட்டுகிறார். வேலைக்குக் கூலி பேசும் முன் வீட்டுக்காரர் தும்மல் கதையைக் கேட்டே ஆகவேண்டும். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு தேறியிருந்தது. "ஏணி ஏறலாம், பாத்து" என்றார் டாக்டரம்மா. வீடு திரும்பும் வழியெல்லாம் பாட்டுதான்.

முதல் நாள் வேலைக்கு மனைவியும் கூடவே போனார். மாஸ்டர் மேலே ஏற ஏற, கீழே இரண்டு கைகளாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெயிண்ட் சொட்டித் தோளில் விழுந்தும் நகரவில்லை.

"பாத்து, ஏணி மூச்சு முட்டிச் செத்துடப்போகுது" என்றார் மாஸ்டர் மேலிருந்து.

மனைவி கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொன்றையும். அண்ணாந்து பார்த்து, "அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க" என்றார்.

மாஸ்டர் பிரஷ்ஷோடு மூலையை நோக்கி எட்டிச் சாய்ந்தார். மனைவி ஏணியைப் பிடிக்கப் போன தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.