வரவேற்பறையில் ஒரு மீற்றர்

கடந்த செப்ரெம்பரில், ஒரு மீற்றர் தூரத்தில் இருந்த குழிக்குள் பந்தை மெல்லத் தட்டிவிட வேண்டியிருந்தது. தவறவிட்டேன். கோல்ஃப் ஆடுகிற எவருக்கும் நேர்வதுதான். ஆனால் அருகில் நின்று பார்த்தவர் என் மனைவியின் தம்பி. அதன் பிறகு ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் நடந்த இரண்டு பிறந்தநாள் விழாக்களிலும், பூப்பெய்திய பிள்ளை ஒருத்தியின் சாமத்திய வீட்டிலும் அவர் அந்தக் கதையைச் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது தூரம் அரை மீற்றராகக் குறைந்திருந்தது.

அவரைத் தனியே கூப்பிட்டேன். "மே மாதம் திரும்பப் போவம். அதே இடம், அதே தூரம். பந்து விழுந்தால் நீர் இந்தக் கதையை இனி எங்கையும் கதைக்கக் கூடாது."

"ஓம் அத்தான். விழாட்டி?"

"கதைச்சுக்கொண்டே இரும்."

ஒஸ்லோவில் நவம்பர் வந்தால் மைதானம் பனிக்கு அடியில் போய்விடும். ஆகவே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் நீளமான ஒரு பச்சை விரிப்பை வாங்கி, ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் ஏழாம் மாடி வீட்டின் வரவேற்பறையில் விரித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், தரையில் சரிவில்லை. குழிக்குப் பதிலாக, அரிசி அளக்கும் தகரப் பேணியை விரிப்பின் முடிவில் படுக்க வைத்தேன். ஒரு கொப்பியில் நிரல்கள் கீறினேன்: திகதி, வெளி வெப்பநிலை, அடித்தது, விழுந்தது, இடையூறு.

ஜனவரியில் ஒரு நாளின் குறிப்பு: வெளியே சைபருக்குக் கீழே பதினாறு. அடித்தது ஐம்பது. விழுந்தது நாற்பத்தொன்று. மனைவி குறுக்கே நடந்தது ஆறு தடவை. அதில் இரண்டு தேவையற்றவை.

அடுத்த நாள் அதை அவள் வாசித்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பேணியைத் தாங்கோ. அரிசி போடோணும்."

"இண்டைக்கு அடிக்க இன்னும் ஒன்பது பந்து இருக்கு."

"அப்ப அந்த ஒன்பதையும் அவிச்சுச் சாப்பிடுங்கோ."

மகளின் முறைப்பாடு வேறு. "அப்பா, எனக்கு நாளைக்கு எக்ஸாமன். டிங் டிங் எண்டு பேணி அடிச்சுக்கொண்டிருந்தா என்னெண்டு படிக்கிறது?" பேணிக்குள் ஒரு பழைய காலுறையைத் திணித்தேன். அதையும் இடையூறு நிரலில் குறித்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஐம்பதுக்கு ஐம்பது விழுந்தது, மூன்று நாட்கள் தொடர்ச்சியாக.

மே மாதத்தில் மைதானத்துக்குப் போனோம். முதலில் பழகிப் பார்க்கப் பத்துப் பந்து கேட்டேன். மைத்துனர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். பத்தும் குழியின் வலப்பக்கத்தால் போயின.

"குளிர்காலம் முழுக்கப் பழகினதெண்டெல்லோ அக்கா சொன்னவா," என்றார்.

கொப்பியை எடுத்துப் புரட்டினேன். வெப்பநிலை இருந்தது, மனைவி இருந்தாள், காலுறை திணித்த நாள்கூட இருந்தது. காலணி பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்க எவருக்கும் அனுமதியில்லை, எனக்கும் இல்லை. ஆறு மாதமாக நான் வெறும் காலுறையோடு நின்றே அடித்திருக்கிறேன். இப்போது கோல்ஃப் சப்பாத்து என்னை ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தி, மட்டையின் கோணத்தை மாற்றியிருந்தது.

சப்பாத்துகளைக் கழற்றி, நாடாக்களை உள்ளே மடித்து, புல்லின் ஓரத்தில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வைத்தேன். பனி உருகிய ஈரம் இன்னும் தரையில் இருந்தது. காலுறைக்குள் தண்ணீர் ஏறியது.

"என்ன அத்தான், கோயிலுக்கோ வந்தனீங்கள்?"

பந்தை வைத்தேன். தட்டினேன். விழுந்தது. பேணியின் சத்தம் கேட்காதது மட்டும் குறையாக இருந்தது.

மைத்துனர் வாக்குத் தவறாதவர். செப்ரெம்பர் கதையை அதன் பிறகு அவர் எங்கும் சொன்னதில்லை. போன ஞாயிறு, ரொம்மனில் இன்னொரு பிறந்தநாளில், புதிய கதையைச் சொன்னார். மண்டபத்தின் நடுவில் தன் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கும்பிட்டு, ஈரத்தில் நடப்பதுபோல் நுனிக்காலில் நடந்தும் காட்டினார். பழையதைவிட இரண்டு நிமிடம் நீளம். முதலில் சிரித்தது என் மனைவி.

பந்து விழுந்ததை அவர் கடைசிவரை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் அதை இன்னொரு முறை எழுதிவைத்தேன்.