மேற்பார்வை கீழே இருக்கிறது

எங்களைப் போல வீடு வீடாகப் போய் மனக்கஷ்டம் கேட்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் உண்டு. கேட்டது, சொன்னது, சொதப்பியது எல்லாவற்றையும் மூத்தவர் ஒருவரிடம் கொட்டித் தெளியலாம். ஆபீசில் அதற்கு வைத்த பெயர் மேற்பார்வை. வேலூரில் இருந்தவர்களுக்கு அது கதவு சாத்திய அறையில் நடந்தது. ஜவ்வாது மலையில் இருந்த எனக்குப் போனில். டவர் கிடைக்கும் ஒரே இடம் பஸ் நிறுத்தம்.

"உன் மேற்பார்வை மேடம் எங்க கீறாங்க?" என்று கேட்டார் அங்கே டீக்கடை போட்டிருந்த அம்மா.

வேலூர் என்றேன்.

"அது கீழ தான கீது! கீழ குந்திக்கினு இன்னாத்த மேல பாக்கறாங்க?"

சிரித்துவிட்டேன். உள்ளே பற்றிக்கொண்டும் வந்தது.

அப்போது என் மண்டைக்குள் ஒரே கேள்விதான். மகனைப் பறிகொடுத்த ஓர் அக்காவைச் சில மாதங்களாகப் பார்த்து வந்தேன். யாரோடும் பேசாமல், சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் என்னிடம் மட்டும்தான் வாய் திறப்பாள். திடீரென்று ஒருநாள், "இனிமே வராத" என்றுவிட்டாள். நான் என்ன தப்பு செய்தேன்? அப்படியே விட்டால் அவள் என்ன ஆவாள்?

மேடத்திடம் மூன்று வாரம் போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊர் பேர் சொல்லாமல் முணுமுணுத்தால், "கேக்கலங்க, சத்தமா சொல்லுங்க" என்பார். எங்கே சத்தமாகச் சொல்வது? மூன்றாம் முறையும் பாதியில் லைன் அறுந்ததும் அழுகையே வந்துவிட்டது. "அங்க இருக்கறவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா மேடம்?" என்று பேசி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம்.

அடுத்த வாரம் மேடமே பஸ் ஏறி வந்துவிட்டார், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப் போய். பள்ளிக்கூடம் லீவு. ஒரு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் வராதன்னு சொன்னாங்கன்னு அவங்களையே கேட்டீங்களா?"

அடக் கடவுளே, கேட்கவே இல்லை! வேலூர் வரைக்கும் கேட்கத் தோன்றியது, அவளிடம் தோன்றவில்லை.

அன்றைக்கே போனேன். அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"பஸ்ஸு வந்துரும்னு பாதியிலயே எழுந்துக்குற. பாதி சொன்னா இன்னும் வலிக்குதும்மா. மீதிய நான் யாராண்ட சொல்றது?"

சுருக்கென்றது. பஸ் போனால் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

"சொல்லுக்கா" என்றேன்.