சந்தனம் பூசிய சிடி

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில்தான், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இணையத்தில் ஒரு பக்கம் வைக்க வேண்டும் என்ற எண்ணம் பெரியவர்களுக்கு வந்தது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் ஆட்கள் திருவிழாவைப் பார்ப்பார்களாம், கோயிலை மறக்க மாட்டார்களாம். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. அம்மா நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அந்த வருடம் நான் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தோம். அதை அம்மா பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா போனபோது நான் கைப்பிள்ளை. போட்டோ வைத்துக் கடிதம் போட்டாலும் வேலை செய்கிற வீட்டில் அதை அவர் கையில் கொடுப்பதில்லை. ஒரு சின்ன போன் மட்டும் ஒளித்து வைத்திருந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மஸ்கெலியா டவுனில் கோயில் தலைவருடைய கொமினிகேஷன் கடையில், போன் பேசவும் இணையம் பார்க்கவும் ஆட்கள் வருகிற இடத்தில், வேலை செய்தார். பக்கம் செய்கிற பொறுப்பு அவருக்கு வந்தது. இலவசமாகக் கிடைத்த மென்பொருளில் படங்களைச் சின்னதாக்கி, எழுத்தும் நாலு படமுமாக ஒன்று செய்து பார்த்தார்.

“தம்பி, கோபுரம் தெரிஞ்சுச்சுடா,” என்று அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா போனில் அழுதது எனக்கும் கேட்டது.

கூட்டத்தில் தலைவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னா தம்பி, மரண அறிவித்தல் மாதிரி இருக்கு? பூ கொட்டணும், மணி ஆடணும், சத்தம் கேக்கணும்.”

“அப்புடிச் செஞ்சா சின்ன போன்ல தொறக்காதுங்க. எந்த போன்லயும் தொறக்கணும்னு உலகம் பூரா ஒரு முறை வச்சிருக்காங்க.”

“நமக்கு ஆகமம் இருக்கு, அது போதும். இது எதுல செஞ்ச?”

“சும்மா கெடைக்கிறதுலங்க. காசு இல்ல.”

“சாமி காரியத்துக்கு ஓசியா?”

அப்பாவும் மற்றவர்களோடு தலையாட்டினார். அவர் பொய்யாக ஆட்டவில்லை. வீட்டுக்கு அரிசி கடனில் வந்தாலும் அம்மனுக்குக் கற்பூரம் கடனில் வாங்காதவர் அவர்.

ஆனால் விலை கொடுத்து வாங்குகிற மென்பொருள் என்ன விலை என்று மாமா சொன்னதும் எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மறுவாரம் தலைவர் கண்டிக்குப் போய், அதையே கள்ளப் பிரதியாக ஒரு சிடியில் மலிவாக வாங்கி வந்தார்.

“இது திருட்டுங்க தலைவரே.”

“காசு குடுத்து வாங்குனது எப்புடிப்பா திருட்டாகும்? ஓசியில எடுத்தவன் என்னையச் சொல்றான் பாருங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். சிடி உறைக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, அம்மன் காலடியில் பூசை செய்து மாமா கையில் கொடுத்தார்கள்.

“அக்கா போன்ல இது தொறக்கவே தொறக்காதுங்க,” என்றார் மாமா கடைசியாக. “பழசையும் ஒரு ஓரமா வச்சுக்குவோம்.”

“ஒங்க அக்காவுக்காகவா கோயில் நடத்துறோம்? முடியாட்டி சொல்லு, கடைக்கு வேற ஆள் இருக்கு.”

மாமா பழைய பக்கத்தை எடுத்துவிட்டார்.

திருவிழாவன்று மழைத் தூறலில் மஞ்சள் பாவாடை கட்டி, முடியை விரித்துப் போட்டுப் பால்குடம் சுமந்தேன். பிறகு கடைக் கம்ப்யூட்டரில் பூ கொட்டியது, மணி ஆடியது, நடுவில் படமாக நான் நின்றேன். தலைவர் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுகிறேன். அவள் மேல் எனக்குக் குறையில்லை. அந்தப் பூமாரியை அவள் கேட்கவில்லை. கேட்டவர்களை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த வாரம் அம்மா போன் எடுத்தார்.

“என்னையப் பாத்தியாம்மா?”

“பாத்தேன்டி தங்கம். அம்மனே நடந்து வர்ற மாதிரி இருந்த.”

வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நான் குதித்தேன். பக்கத்தில் நின்ற மாமா தேயிலைப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். தன் வேலையை யாரும் பாராட்டவில்லை என்று கோபமாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அம்மா கேட்டார்.

“ஏன்டி, முடி எதுவரைக்கும் வளந்திருக்கு?”

“இடுப்பு வரைக்கும்மா.”

“நீ என்னைய மாதிரி இருக்கியா, அப்பா மாதிரியா?”

“ஒன்னைய மாதிரியேன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா!” என்று லயமே கேட்கக் கத்தினேன். படத்தைப் பார்த்தவர் இதை ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.