மேகத்துக்கு அடியில் இருந்த காடு

யாருமே வெட்டாத காடு எப்படிக் குறையும்? சாப்பாட்டு மேசையில் பெரியம்மா வீட்டில் எல்லோரிடமும் இதைக் கேட்டார், இதை எழுதும் ஆளிடமும்.

"கரையான் தின்னிருக்கும். எழுதிக் குடுத்துட்டு வா," என்றார் பெரியப்பா.

"அவ்வளவையும் கரையானா தின்னும்? வெட்டினாலும் வண்டி போக ரோடு வேணும்ல. படத்துல மலைக்கு ரோடே இல்ல. மரத்தத் தலையிலயா தூக்கிட்டுப் போனாங்க?" என்றார் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. இருபத்தாறு வருடமாகப் புள்ளி எண்ணுகிறார். புள்ளிகள் அச்சிட்ட கண்ணாடித்தாளை வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் விரித்து, காட்டின் மேல் எத்தனை விழுகின்றன என்று எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும். அலுவலகத்தில் அவர் புள்ளியம்மா. கம்ப்யூட்டர் வந்தும் அவரை விடவில்லை. பழைய கணக்கு புள்ளியில் இருக்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் புதியதும் புள்ளியில்தான் வேண்டும்.

இந்த முறை வந்தவை இரண்டு தீவுகள். பெரிய தீவு தட்டை. சின்னத் தீவின் நடுவே ஒரு மலை. முப்பது வருடத்தில் எதில் காடு அதிகம் போனது என்று அட்டவணை போட வேண்டும். பெரிய தீவில் சொல்லும்படி மாற்றமில்லை. சின்னதில் 612 புள்ளி இருந்த இடத்தில் 401. மலையைத் தொடர்ந்து பாதுகாப்பதா, கல் குவாரிக்கு விடுவதா என்று ஒரு குழு இதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறது.

மறுநாள் காலை பெரியம்மா பூதக்கண்ணாடியோடு மறுபடி உட்கார்ந்தார். உச்சியில் வெள்ளையாக இருந்தது மொட்டைப் பாறை இல்லை, மேகம். படிவத்தில் இரண்டே கட்டம்: காடு, காடு இல்லை. பச்சை தெரியாத புள்ளியையெல்லாம் அவரே தன் கையால் இரண்டாவது கட்டத்தில் தள்ளியிருந்தார். பழைய கணக்கெடுத்தவர்கள் மலையில் நடந்து ஏறி, வரைபடம் வரைந்து, அதில் புள்ளி எண்ணியவர்கள். அவர்களுக்கு மேகம் ஒரு தடையே இல்லை.

"எனக்கு யாரு இந்த வேலை குடுத்தாங்களோ," என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டர்காரர் வேறு வேறு நாளில் எடுத்த பதினோரு படங்களைத் தேடிக் கொடுத்தார். "எல்லாத்துலயும் மேகம்தான் அக்கா. அந்த மலை என்ன, தொப்பிய கழட்டவே மாட்டேங்குது."

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்துல கிழிஞ்சிருக்கும் தம்பி. அந்தக் கிழிசல்தான் எனக்கு வேணும்."

கிழிசல் கிழிசலாகச் சேர்த்து எண்ண மூன்று நாள் ஆயிற்று. காணாமல் போன 211 புள்ளிகளில் 174 காடாகவே இருந்தன. இருபது உண்மையிலேயே வெட்டப்பட்டவை, கரையோரத்தில். மீதிப் பதினேழின் மேல் மேகம் விலகவே இல்லை. அவற்றுக்கு ஸ்கேல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்தார்: தெரியாது.

அதிகாரி அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது? அரசாங்கப் படிவத்துல தெரியாதுன்னு ஒரு கட்டமா?"

"மேகத்துக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"போன தடவை ரெண்டு கட்டம்தானே இருந்துச்சு?"

"போன தடவை நடந்து போனாங்க சார்."

"இத அனுப்ப நாளைக்குக் கடைசி நாள். நீங்க முதல்ல எண்ணின தாள்லயே கையெழுத்துப் போடுங்க."

"அது தப்பு சார். நான் பண்ணின தப்பு. அதுல எப்படித் தெரிஞ்சே கையெழுத்துப் போடுவேன்?"

"சுவத்துக்கிட்ட பேசலாம் போல," என்று அதிகாரி பேனாவை எடுத்தார். அந்த முதல் தாளில் தானே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். சின்னத் தீவில் மூன்றில் ஒரு பங்கு காடு அழிந்தது என்று செய்தியும் வந்துவிட்டது.

பெரியம்மா பதினோரு படங்களையும் தன் எண்ணிக்கையையும் சேர்த்துக் குழுவுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினார். பதில் வந்தது: கையெழுத்தான அட்டவணையை நம்புவதா, அதைத் திருத்தியவரை நம்புவதா என்று குழு யோசிக்கிறதாம், மலையை நேரில் பார்த்தவர் யாராவது எழுதினால் ஏற்பார்களாம்.

"நான் அந்தத் தீவுல கால் வச்சதே இல்லையே," என்று கடிதத்தை மேசையில் போட்டார் பெரியம்மா. "அங்க ஏறினவன் எவனாவது இருப்பான்ல. அவன நான் எங்க போய்த் தேட?"

குழு கூடுவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதைப் படித்தவர்கள் தெரிந்த இரண்டு பேரிடமாவது சொல்லுங்கள். அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் அந்த மலை ஏறியவராக இருப்பார், அவர் குழுவுக்கு எழுதினால் போதும்.