இரண்டு ரோஷக்காரிகள்

விரல் நுனியில் எப்போதும் சாயம் ஒட்டியிருக்கும் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவள் மையக்கா. பள்ளிக்கூடச் சுவரில் படம் வரையப் போன இடத்தில்தான் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தானே கதை கட்டிச் சொல்பவள். மையக்கா வரைந்திருந்த கழுதைக்கு அங்கேயே ஒரு கதை சொன்னாள். அந்தக் கதைக்கு ஒரு குருவி வேண்டியிருந்தது. மையக்கா அதையும் வரைந்தாள். கொஞ்ச நாளிலேயே இருவருக்கும் வாடி, போடி என்றாகிவிட்டது.

பிறகு வருஷக்கணக்கில் படப்புத்தகங்கள் செய்தார்கள். எல்லாவற்றிலும் இரண்டு சிநேகிதர்கள் இருப்பார்கள். ஒன்று வீம்பு பிடிக்கும், மற்றது விட்டுப் போகாமல் நிற்கும், கடைசிப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்துவிடும். டீச்சர் எழுதிய வரிகளை மையக்கா இரக்கமில்லாமல் அடிப்பாள்.

“அதான் படத்துலயே தெரியுதே. எதுக்குடி வாயால வேற சொல்ற?”

டீச்சரும் லேசுப்பட்டவள் அல்ல. கழுதையின் காது சோகமாக இல்லை என்று திரும்பத் திரும்ப வரைய வைப்பாள்.

அந்தக் கழுதைக் கதையின் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தபோது பதிப்பாளர் மையக்காவைக் கூப்பிட்டு, படங்கள் பழசாகிவிட்டன, கம்ப்யூட்டரில் வரையும் ஓர் இளைஞனைப் பிடித்திருக்கிறேன் என்றார். டீச்சருக்கும் சம்மதம்தான் என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டார். மையக்கா அப்போதே எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வாரமே டீச்சர் வீடு தேடி வந்தாள். மையக்கா உள்ளறையில் இருந்துகொண்டு, தான் வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொன்னாள். மருமகள் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னாள். டீச்சர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். இன்னொரு முறை வந்தபோதும் அதே பதில். அதோடு வரவு நின்றது.

“பாவம் அத்தை, முகமே செத்துப்போச்சு அவங்களுக்கு” என்றாள் மருமகள்.

மையக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வருஷங்கள் போயின. மையக்காவின் கண்ணில் புரை விழுந்தது. கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் அதே பதிப்பாளர், தலையெல்லாம் நரைத்து. கழுதைப் புத்தகம் கடையில் கண்ணிலேயே படவில்லையே என்று மையக்கா குத்தலாகக் கேட்டாள்.

“எங்கிருந்து வரும்? உங்க படம் இல்லாம என் கதை வேண்டாம்னு உங்க டீச்சர் ஒரே முடிவா சொல்லிட்டாங்களே.”

“அவ சம்மதிச்சதா நீங்கதானே சொன்னீங்க?”

பதிப்பாளர் தரையைப் பார்த்தார். “முதல்ல யோசிக்கிறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்.”

டாக்டரிடம் கண்ணைக் காட்டாமலே எழுந்து டீச்சர் வீட்டுக்குப் போனாள் மையக்கா. கதவைத் திறந்த மகன், அம்மாவுக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரிவதில்லை என்றான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்து, “உட்காருங்க” என்றாள். அந்த மரியாதையை மையக்காவால் தாங்க முடியவில்லை.

அலமாரியில் கழுதைப் புத்தகம் இருந்தது. எடுத்து டீச்சரின் மடியில் விரித்தாள். டீச்சர் கழுதையின் காதைத் தடவினாள்.

“இதை வரைஞ்சவ என் சிநேகிதி. ரொம்ப ரோஷக்காரி. வரமாட்டா.”

“நான்தாண்டி. வந்துட்டேன்.”

அறிமுகமில்லாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் டீச்சர் சிரித்தாள்.

அதன்பின் மையக்கா அடிக்கடி போனாள். மங்கலான கண்ணோடு, மனப்பாடமாக இருந்த வரிகளை வாசிப்பதுபோல் சொல்வாள். டீச்சர் ஒரு நாளும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சில சமயம் குரலைத் தாழ்த்தி, சிநேகிதியை எங்காவது பார்த்தால் வரச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வாள். சொல்கிறேன் என்பாள் மையக்கா.

மழைக்காலத்தில் டீச்சர் போய்ச் சேர்ந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த மையக்காவைக் காட்டி, இவர் யார் என்று உறவினர் ஒருவர் கேட்டார்.

“அம்மாவுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்ட வர்றவங்க” என்றான் மகன்.

மையக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.