நான்காவது பதிவு

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். பக்கத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடு அது. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அந்த வீட்டில் ஓர் அம்மாவும் ஒன்பது வயது மகளும் இருந்தார்கள். அப்பா நான் குடிவருவதற்கு முந்தின வருடம் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. யாரும் அழிக்கச் சொல்லவும் இல்லை. தினமும் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்துவிட்டு, ஈரப் புடவையோடு வருவார். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

என்னிடம் ஒரு பழைய கீபோர்டு இருந்தது. அந்தச் சிறுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள். ஒருநாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்டதை அப்படியே விரலில் எடுத்தாள். அவளுக்காக நானே ஒரு சின்ன மெட்டுக் கட்டினேன். வலது கைக்கு மட்டும். இடது கை வேலையை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எனக்கே அது சரியாக வராது.

சனிக்கிழமைகளில் நான் வேலைக்குப் போகும்போது சாவியை அவளிடம் கொடுத்துவிடுவேன். ராத்திரித் தொழிலுக்குப் போய்வந்த ஆண்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால், ஹெட்போன் மாட்டித்தான் வாசிக்கணும்னு சொல்லியிருந்தேன். வெளியே நின்றால் பாட்டு கேட்காது. கட்டைகள் அழுந்தும் சத்தம் மட்டும் டொக் டொக்கென்று கேட்கும்.

அந்தக் கீபோர்டில் ஐந்து பதிவுகள் வரை சேமிக்கலாம்; சிறுமிக்கும் அதைக் காட்டிக்கொடுத்திருந்தேன். பேச்சோ இருமலோ அதில் பதியாது. எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்பது மட்டும் பதியும். ஒன்றின் மேல் இன்னொன்றைச் சேர்த்துப் பதியவும் வழி கிடையாது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து வந்து காலையில் காலியாக இருந்த நான்காவது பதிவில் ஏதோ இருப்பதைப் பார்த்துப் போட்டேன். என் மெட்டு வந்தது. சிறுமியின் விரல்தான், மூன்றாவது வரியில் அவள் எப்போதும் தடுக்குகிற இடத்தில் தடுக்கியது. ஆனால் அதற்குக் கீழே, கனமான சுரங்களில் இன்னொரு கை நடந்துகொண்டிருந்தது. நிதானமாக. அவள் தடுக்கியபோது அது காத்திருந்தது. அவள் மறுபடி தொடங்கியதும் கூடவே தொடங்கியது. அது ஒன்றாக அழுத்திய, அத்தனை தள்ளித்தள்ளி இருக்கும் கட்டைகளுக்கு அவள் சின்ன விரல்கள் எட்டவே எட்டாது.

அவளைக் கூப்பிட்டேன். "உன்கூட யாரு பாப்பா வாசிச்சது?"

"நைனா" என்றாள். அவள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எங்க உக்காந்தாரு?"

"இங்கதான். எனக்கு இந்தப் பக்கம்."

"நீ பாத்தியா?"

"இல்ல சிஸ்டர். கண்ண மூடினாதான் வருவாரு."

அவள் அம்மாவாக இருக்கும் என்று நினைக்கவும் முடியவில்லை. அவர் அன்று காலை முதல் பஸ்ஸில் பொன்னேரிக்கு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். காணாமல் போன புருஷனை இறந்தவராக எழுதிக்கொடுக்கும்படி கேட்கும் மனு விஷயம். அந்த மனுவை எழுதிக் கொடுத்ததே நான்தான். அவர் இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை.

அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பட்டப்பகலிலும் கீபோர்டுக்கு முதுகு காட்டி உட்கார என்னால் முடியவில்லை. பதிவை அழித்துவிடலாமென்று பலமுறை விரலைக் கொண்டுபோனேன். அழிக்கவில்லை. சிறுமியிடம் சாவி கொடுப்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்த என்ன காரணம் சொல்வது?

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானமே வேலை முடிந்து வந்தேன். வெயில் கொளுத்தியது, ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது, தெருவில் நாய்கூட இல்லை. என் வீட்டுக்குள்ளிருந்து டொக் டொக் சத்தம் வந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். இரண்டு சத்தம். ஒன்று வேகமாக, இன்னொன்று மெதுவாக.

ஜன்னல்வரை போய்ப் பார்த்தேன். சிறுமி ஹெட்போனோடு கண்ணை இறுக மூடியிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், ஈரப் புடவையோடு, மூச்சுக்கூட விடாதவர் மாதிரி அவள் அம்மா குந்தியிருந்தார். அவர் காதில் ஒன்றுமில்லை. தான் வாசிப்பது எதுவும் அவருக்கே கேட்காது. மகளின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பேசாதே என்று சைகை காட்டினார். மெட்டு முடிந்ததும் எழுந்து, சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"இன்னா பண்றது சிஸ்டர்? ஒரு நாளு பாப்பா நைனா வந்தாருன்னு சொன்னா. அதுக்கப்புறம் மூணு வாரம் வரலன்னு சோறே துன்னல. அதான் நான் உக்காந்தேன். எதுனா ஒரு கட்டைய அமுக்குவேன். அதுக்கே சிரிப்பா."

"அப்போ முதல் நாள்?"

"நான் பொன்னேரில இல்ல இருந்தேன்? உனக்குத் தெரியாதா?"

மறுநாள் சிறுமி விளையாடப் போன நேரத்தில், அவர் காதில் ஹெட்போனை மாட்டி நான்காவது பதிவைப் போட்டேன். முடியும்வரை அவர் அசையவில்லை.

"இது என் கை இல்ல சிஸ்டர்" என்றார். பிறகு, "இன்னொரு தபா போடு" என்றார்.

ஐந்து தடவை கேட்டார். அழவில்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அவருக்கு இதெல்லாம் தெரியாது. வலை பின்னத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னிடம் பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. பொய் சொல்கிறவர் ஐந்து தடவை கேட்பாரா என்றும் தெரியாது.

அதற்குப் பிறகும் அவர் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தார். மாசிக் கடைசியில் ஒருநாள் நானும் வீட்டில் இருந்தேன். மெட்டின் நடுவில் சிறுமி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையை எடுக்கக்கூட மறந்து உறைந்துபோனார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுமி, "எம்மா, அது இல்ல, பக்கத்துக் கட்டை" என்று அம்மாவின் விரலைப் பிடித்துத் தள்ளி வைத்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து என்னிடம் இரண்டு பேர் படித்தார்கள். அம்மாதான் சீக்கிரம் கற்றுக்கொண்டார்.